அடக்கி வைத்த காற்று

ஜூலை 2, செவ்வாய்

பகவதி துணிகளுக்கு நடுவில் இந்த டைரியையும் வைத்து அனுப்பியிருக்கிறாள். "போற இடத்துல யார்ட்டயும் சண்ட போடாதீங்க. கோவம் வந்தா இதுல எழுதுங்க" என்றாள். கால் நூற்றாண்டு கல்லூரியில் வரலாறு நடத்தியவனுக்கு மனைவி எழுதிக்கொடுக்கும் மருந்து இது.

கல்லீரலில் கொழுப்பு. சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது. பாளையங்கோட்டை டாக்டர், மாத்திரை தொடங்குவதற்கு முன்னால் இங்கே கொஞ்ச நாள் இருந்துவிட்டு வரச் சொன்னார். குற்றாலத்துக்குச் சற்று முன்னால், மலையடிவாரத் தென்னந்தோப்புக்குள் ஓர் இயற்கை மருத்துவ இல்லம். வாசலிலேயே பலகை வைத்திருக்கிறார்கள்: ‘இங்கு நனிசைவ உணவு மட்டுமே.’ பால், தயிர், மோர், நெய், தேன் எதுவும் கிடையாது. நனி என்றால் மிகுதி. வெறும் சைவத்துக்கே எங்கள் வீட்டில் புதனும் ஞாயிறும் விடுமுறை. இதில் மிகுதி வேறு.

மதியம் முளைகட்டிய பாசிப்பயறு, அவித்த முட்டைக்கோஸ், ஒரு கைப்பிடி சிவப்பரிசிச் சோறு. தயிர் என்று ஒன்றை ஊற்றினார்கள். வேர்க்கடலையை அரைத்துப் புளிக்கவைத்ததாம். சாயங்காலத்துக்குள் வயிறு நாதஸ்வர வித்துவானின் கன்னம் மாதிரி ஆகிவிட்டது.

தனி அறை காலியில்லை. இரண்டு கட்டில் போட்ட அறைதான். "பக்கத்துக் கட்டிலுக்கு உங்க ஊர்க்காரர்தான் சார் வாரார், நாளைக்கு" என்றான் ஆபீஸில் இருப்பவன், ஏதோ எனக்கு நல்லது செய்துவிட்டதுபோல.

ஜூலை 3, புதன்

வந்திருப்பது அருமைநாயகம். அறை மாற்றித் தரச் சொல்லி எழுதிக்கொடுத்துவிட்டேன்.

ஜூலை 4, வியாழன்

தனி அறை அடுத்த வாரம்தான் காலியாகுமாம். அதுவரை இவரோடுதான்.

யார் இவர் என்று எழுதாவிட்டால் இந்த டைரிக்கு அர்த்தமில்லை. பாளையங்கோட்டையில் எம்.ஏ. படித்தபோது ஹாஸ்டலில் எனக்கும் அவனுக்கும் ஒரே அறை. அவன் கட்டில் ஜன்னல் பக்கம், என் கட்டில் கதவுப் பக்கம். ஒரே சவரக் கண்ணாடி. என் சட்டையை அவன் போட்டுக்கொண்டு போவான்; அவன் சைக்கிளை நான் எடுத்துக்கொண்டு போய்ப் பஞ்சராக்கிக் கொண்டுவருவேன். பிறகு ஒரே கல்லூரியில், ஒரே துறையில், ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். கல்யாணமான பிறகும் மாறவில்லை. அவன் மனைவி எமிலி என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவாள்.

பழைய பிரின்சிபால் ஓய்வு பெறுகிற சமயம். கல்லூரிக்கு எதிர்த்த டீக்கடையில் வைத்து அவன்தான் சொன்னான். "அந்த நாற்காலி நமக்கு வேண்டாம்லே. ரெண்டு பேருமே போட வேண்டாம். அங்க போனா பாடமா நடத்தப் போறோம்? பியூனுக்கு லீவு சேங்ஷன் பண்ணிட்டு இருக்கணும்." சரி என்றேன். நான் விண்ணப்பிக்கவில்லை. நியமன அறிவிப்பு ஒட்டியபோது அதில் அவன் பெயர் இருந்தது.

நான் சண்டை போடவில்லை, கேள்வியும் கேட்கவில்லை. மறுநாள் காலை, வராந்தாவில் எல்லோரும் நிற்கும்போது, "குட்மார்னிங் சார், நல்லா இருக்கீங்களா?" என்றேன். அவர் ஒரு கணம் என்னையே பார்த்தார். பிறகு "குட்மார்னிங் சார்" என்றார். அவ்வளவுதான் நடந்தது. ஒன்பது வருடமாக ‘சார்’தான். இடையில் நான் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். தெருவில் பார்த்தாலும் ‘சார்’.

திருநெல்வேலிக்காரனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எங்கள் ஊரில் ‘லே’ என்பது ஓர் எழுத்துதான், மற்ற ஊர்க்காரர்களின் ‘டா’. அதை யாரிடம் சொல்லலாம் என்பது பேசத் தொடங்கும்போதே தெரிந்துவிடும். அதை எடுத்துவிட்டால் என்ன போகும் என்பதும் தெரியும். அதனால்தான் எடுத்தேன்.

இன்று எங்களுக்குள் நடந்த உரையாடல்:

"ஃபேன் வேகம் போதுமா சார்?"

"போதும் சார்."

"லைட்ட அணைக்கட்டுமா சார்?"

"உங்க இஷ்டம் சார்."

பிறகு, யாரும் கேட்காமலே சொன்னார். "நானும் வேலைய விட்டாச்சு சார். செப்டம்பர்ல மெல்போர்ன் கிளம்புதோம். பையன் கூடவே இருந்துரச் சொல்லுதான். வீட்டைக் குடுத்தாச்சு. இனிம இந்தப் பக்கம்…" என்று கையை விரித்தார்.

"நல்லது சார்" என்றேன். நல்லதுதான். போகட்டும்.

ஜூலை 5, வெள்ளி

காலை ஆறு மணிக்கே டாக்டர் சுயம்புலிங்கத்தின் சொற்பொழிவு. இவர்தான் இந்த இல்லத்தை நடத்துகிறவர். வெள்ளை வேட்டி, வெள்ளைத் தாடி, பேச்சில் வெட்கமே கிடையாது. "எல்லாருக்கும் வாயு வருதா? வரணும். இத்தன வருஷமா இட்லியும் பரோட்டாவும் பாத்த குடல். திடீர்னு பயறும் நாரும் உள்ள போனா என்ன செய்யும்? பழகுத வரைக்கும் சத்தம் போடும். நல்லா மென்னு தின்னுங்க. சாப்பிடும்போது தண்ணி வேண்டாம், பேச்சு வேண்டாம். சாப்ட்டதும் படுக்காதீங்க, நடங்க. முக்கியமானது ஒண்ணு: அடக்காதீங்க. அடக்குனா நெஞ்சுக்கு ஏறும், தலைக்கு ஏறும், கடைசில குணத்துக்கே ஏறிரும்."

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது என்னைப் பார்த்ததாகத் தோன்றியது. தற்செயலாக இருக்கலாம்.

பிறகு ஆண்கள் எல்லோரையும் பாய் விரித்து மல்லாக்கப் படுக்கவைத்தார்கள். முழங்காலை மடக்கி வயிற்றோடு அணைத்துக்கொள்ள வேண்டும். பவனமுத்தாசனம். பவனம் என்றால் காற்று. அதன் பெயரே போதும், பலனை விவரிக்க வேண்டியதில்லை. கூடம் முழுக்கப் பலன் தெரிந்தது. ஒரு ரிட்டயர்ட் தாசில்தார் ஒவ்வொரு முறையும் "மன்னிக்கணும்" என்றார். அருமைநாயகம் என் பக்கத்துப் பாயில். இரண்டு பேரும் முழங்காலை அணைத்தோம், விட்டத்தைப் பார்த்தோம், எதையும் வெளியேற்றாமல் எழுந்தோம்.

பகவதி போன் செய்தாள்.

"வயிறு எப்பிடி இருக்கு?"

"வாயு."

"மோர்ல பெருங்காயத்தப் போட்டுக் குடிங்க."

"இங்க மோர் கிடையாது."

"அப்ப பூண்டப் பால்ல வேக வச்சு…"

"பாலும் கிடையாது."

"ஒரு சொட்டு நெய்யில பெருங்காயத்தப் பொரிச்சு…"

"பகவதி, மாடு சம்பந்தப்பட்ட எதுவும் இங்க கிடையாது."

நம் மருந்து எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு மாடு நிற்கிறது என்பது அவளுக்கு இப்போதுதான் தெரிந்திருக்கும். எனக்கும் இன்றுதான் தெரிந்தது. "சரி, கூட யாரு தங்கியிருக்கா?" என்றாள். யாரோ ஊர்க்காரர் என்றேன்.

ஜூலை 6, சனி

ஒரு விஷயம் இன்று புரிந்தது. ‘நீங்க’ என்று அழைக்கும் ஒருவர் முன்னால் காற்றை விட முடியாது. மனைவி முன்னால் விடலாம், கூடப் பிறந்தவன் முன்னால் விடலாம், முற்றிலும் அந்நியர்கள் நிறைந்த பேருந்தில்கூட விட்டுவிட்டு ஜன்னல் வழியாக வேடிக்கை பார்க்கலாம். ஆனால் ஒரு காலத்தில் ‘லே’ என்று அழைத்து, இப்போது ‘சார்’ என்று அழைக்கும் ஒருவர் முன்னால் முடியவே முடியாது. விட்டால் ஒன்பது வருடக் கட்டடம் இடிந்துவிடும்.

அவருக்கும் அதே நிலைதான். சாயங்காலம் முழுக்க நடந்தது இதுதான்: "மழை விட்டுட்டான்னு பாத்துட்டு வாரேன் சார்" என்று அவர் வராந்தாவுக்குப் போவார். அவர் வந்ததும் "இப்ப எப்பிடி இருக்குன்னு பாக்குதேன் சார்" என்று நான் போவேன். குற்றாலச் சாரலை எங்கள் இருவரையும்போல் கவனித்தவர்கள் யாரும் இருக்க முடியாது.

வராந்தாவில் அவர் சும்மா நிற்பதில்லை. இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்கிறார், உதடு அசைகிறது. என்ன முணுமுணுக்கிறார் என்று எனக்குத் தெரியும். விஜயாலயன், ஆதித்தன், பராந்தகன், கண்டராதித்தன். ஹாஸ்டலிலும் இப்படித்தான். வயிறு உப்பிவிட்டால் அவனால் ஓரிடத்தில் இருக்க முடியாது. சோழர் பட்டியலைச் சொல்லிக்கொண்டே வராந்தாவில் நடப்பான். ராஜேந்திரன் கடல் கடப்பதற்குள் விடுதலை கிடைத்துவிடும். பரீட்சைக்குப் படித்த மாதிரியும் ஆயிற்று என்பான்.

ஹாஸ்டல் மெஸ்ஸில் வியாழக்கிழமை மொச்சைக் குழம்பு. அந்தக் குழம்பை இன்று வரை வேறெங்கும் நான் சாப்பிட்டதில்லை. பகவதி வைப்பதும் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அது வீட்டுக் குழம்பு. மெஸ்ஸில் அண்டாவில் கொதித்து, அடியில் லேசாகப் பிடித்து, பிஞ்சுக் கத்திரிக்காய் கரைந்துபோய், தேங்காயை அரைத்தார்களா அப்படியே போட்டார்களா என்று தெரியாமல் ஒரு ருசி. தட்டை ஏந்திக்கொண்டு நாங்கள் இரண்டாம் முறை வரிசையில் நிற்போம். அன்று சாயங்காலம் முழு விடுதியும் வாத்திய கோஷ்டி ஆகிவிடும்.

அதற்கு வரலாற்றுப் பெயர்கள் வைத்தவன் அவன்தான். ஆரவாரமாக எழும்பி, கல்லில் செதுக்கிய மாதிரி நிற்பது பல்லவர். அடுத்த அறைவரை படையெடுத்துப் போவது சோழர். வயிற்றுக்குள்ளேயே உருண்டு புரண்டு வெளியே வராமல் கிடப்பது பாண்டியர் வாரிசுச் சண்டை. சத்தமே இல்லாமல் வருவது களப்பிரர்: எப்போது வந்தது, எங்கிருந்து வந்தது என்பதற்குச் சான்று எதுவும் கிடையாது, மக்கள் அவதிப்பட்டது மட்டும் உறுதி. இருண்ட காலம். எங்கள் பேராசிரியர் வகுப்பில் ‘களப்பிரர்’ என்று சொல்லத் தொடங்கியதும் பின்வரிசை முழுவதும் மேஜைக்கு அடியில் பேனா தேடும்.

இதையெல்லாம் எழுதி என்ன ஆகப்போகிறது.

ஜூலை 7, ஞாயிறு

வீட்டில் ஞாயிறு என்றால் மீன். இங்கே பூசணிக்காய்ச் சாறு.

ஜூலை 8, திங்கள்

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கட்டிலில் சாய்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அவரும் அவர் கட்டிலில் ஏதோ படித்துக்கொண்டிருந்தார். வெளியே பலத்த மழை. போய்ப் பார்க்கிறேன் என்று சொல்ல வழியில்லை, உள்ளேயிருந்தே தெரிகிறது. எவ்வளவோ பிடித்துவைத்தேன். பக்கத்தைத் திருப்பும்போது உடம்பு ஒரு விநாடி அசந்துவிட்டது. சத்தம் எதுவும் இல்லை. ஆனால்.

நான் பேப்பரை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். மின்விசிறி தன் கடமையைச் செய்தது. கொஞ்ச நேரம் கழித்து, புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே, மிகவும் மரியாதையான குரலில் அவர் சொன்னார்:

"களப்பிரர் காலம், சார்."

நான் எழுந்து மழையில் வராந்தாவுக்குப் போய்விட்டேன். சிரிப்பு வந்தது என்று யாராவது சொன்னால் பொய். சாரல் முகத்தில் அடித்ததால் கண்ணில் தண்ணீர் வந்திருந்தது. திரும்பி வந்தபோது அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். முதுகு குலுங்கிக்கொண்டிருந்தது.

ஜூலை 9, செவ்வாய்

வயிறு பரவாயில்லை. டாக்டர் சொன்னதில் விஷயம் இருக்கிறது என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. பயறை நன்றாக ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேறு தண்ணீரில் வேகவைக்கிறார்களாம். முட்டைக்கோசைக் குறைத்துச் சுரைக்காய் வாங்கிக்கொண்டேன். சாப்பிட்டதும் ஓமம் போட்டுக் கொதித்த தண்ணீர், அதன் வாசனை சின்ன வயதில் குடித்த ஓமத்திரவத்தை அப்படியே கொண்டுவருகிறது. இடது பக்கமாகச் சாய்ந்து படுத்தால் இறங்குகிறது. மென்று தின்பதுதான் கஷ்டம். ஹாஸ்டலில் அவனோடு போட்டி போட்டு அள்ளித் தின்ற பழக்கம் இன்னும் போகவில்லை. அவர் இன்று என் தட்டைப் பார்த்து, "மெதுவா சார், ரெண்டாவது வரிசைக்கு இங்க ஆளில்ல" என்றார்.

தனி அறை தயாராம். சாவியைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார்கள். துவைத்த துணி காயவில்லை. நாளைக்கு மாறிக்கொள்கிறேன் என்றேன்.

ஜூலை 10, புதன்

விடாத மழை. துணி காயவில்லை.

ஜூலை 11, வியாழன்

திருநெல்வேலி. ஆஸ்பத்திரி வரவேற்பறையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

காலை ஆகாரம் முடிந்து அறைக்கு வந்தோம். நான் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தேன், அறை மாற. அவன் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தான். நெஞ்சைத் தடவிக்கொண்டே, "வாயு சார். இன்னைக்குப் பயறு கொஞ்சம் கூடிட்டு" என்றான். சிப்பந்திப் பெண் வந்து பார்த்துவிட்டு ஓமத் தண்ணீர் கொண்டுவந்து தந்தாள். இந்த இடத்தில் யாருக்கு என்ன வலித்தாலும் வாயுதான். எல்லோரும் அப்படித்தான் பேசிப் பழகியிருக்கிறோம். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன்.

ஆனால் அவன் உட்கார்ந்தே இருந்தான்.

"கொஞ்சம் நடங்க சார்" என்றேன்.

"வேண்டாம் சார். இப்பிடியே இருக்கேன்."

எனக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. மழை பார்க்கப் போகவில்லை. உதடு அசையவில்லை. விஜயாலயனும் இல்லை, ஆதித்தனும் இல்லை. நெற்றியில் வியர்வை, மலைக்காற்று அடிக்கும் அறையில். இடது கையால் தாடையைப் பிடித்துக்கொண்டிருந்தான், பல் வலிப்பவனைப்போல.

"வண்டி வரச் சொல்லுதேன். ஆஸ்பத்திரி போவோம்."

"எதுக்கு சார்? ஒரு ஏப்பம் வந்தா சரியாயிரும். ஊருக்குள்ள சொல்லிச் சிரிப்பானுவ, பிரின்சிபால் குசுவுக்கு ஆஸ்பத்திரி போனான்னு."

"எந்திரிங்க சார்."

"பத்து நிமிஷம் பாப்போம் சார்."

"எந்திரிலே!"

அந்தக் கட்டடம் முழுக்கக் கேட்டிருக்கும். தாசில்தார் ஓடி வந்து எட்டிப்பார்த்தார். அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். எழுந்து என் தோளில் கை போட்டுக்கொண்டான்.

வண்டியில் அவன் கண்ணை மூடினான். மூட விடவில்லை. "ராஜராஜனுக்குப் பொறவு யாருலே? சொல்லுலே. எம்.ஏ. எப்பிடிலே பாஸ் பண்ணுன?" என்று தென்காசிவரை திட்டிக்கொண்டே வந்தேன். என்னவெல்லாம் திட்டினேன் என்று இங்கே எழுத முடியாது. டிரைவர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தார். அங்கே ஈ.சி.ஜி. எடுத்து, ஊசி போட்டு, உடனே ஆம்புலன்ஸில் ஏற்றி இங்கே அனுப்பினார்கள். ரத்தக்குழாயில் அடைப்பு. வாயு இல்லை.

எமிலி வந்துவிட்டாள். "அண்ணே" என்று என் கையைப் பிடித்தாள். ஸ்டென்ட் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். பகவதிக்கு போன் செய்து, கூடத் தங்கியிருந்தது யார் என்று சொன்னேன். "தெரியும்" என்றாள். "அன்னைக்கே எமிலி சொல்லிட்டா. நீங்களா சொல்லட்டும்னு இருந்தேன்."

ஜூலை 12, வெள்ளி

பிழைத்துவிட்டான்.

கண்ணாடிக்கு அப்பால் நின்று பார்க்க விட்டார்கள், பிறகு ஐந்து நிமிடம் உள்ளே. எமிலியும் நர்சும் பக்கத்தில் நின்றார்கள். அவன் என்னைப் பார்த்ததும் லேசாகச் சிரித்தான். நான் சொல்ல நினைத்தது ஒன்று. வாயிலிருந்து வந்தது, "இப்ப எப்பிடி இருக்கு சார்?"

அவன் சிரிப்பு அப்படியே நின்றது. "பரவால்ல" என்றான். பிறகு, சிறிது இடைவெளி விட்டு, "சார்" என்றான்.

ஜூலை 14, ஞாயிறு

வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். எமிலி சர்ச்சுக்குப் போயிருந்தாள். நாங்கள் இரண்டு பேர் மட்டும். ஆஸ்பத்திரி உப்புமாவைக் கொஞ்சநேரம் ஏசினான். பிறகு கேட்டான்.

"ஒன்பது வருஷமா நீங்க ஒரு கேள்வி கேப்பீங்கன்னு பாத்துட்டே இருந்தேன் சார்."

"என்ன கேள்வி?"

"ஏம்லே அப்ளிகேஷன் போட்டன்னு."

இந்த விசாரணைக்கு நான் எப்போதோ தயாராகிவிட்டிருந்தேன். நிர்வாகம் வற்புறுத்தியது என்று சொன்னால் அதற்கு என்னிடம் மறுப்பு இருந்தது. பையன் படிப்பு என்றாலும் இருந்தது. எமிலி சொன்னாள், அவள் அப்பா சொன்னார், வெளியாள் வந்துவிடுவான் என்று பயந்தேன், எல்லாவற்றுக்கும் தேதிவாரியாக, ஆதாரத்தோடு மறுப்பு வைத்திருந்தேன். காலை நடையில், குளிக்கும்போது, பேருந்தில் என்று எத்தனையோ முறை அந்த விரிவுரையை எனக்குள்ளேயே நடத்தியிருக்கிறேன்.

"சரி. ஏன்?" என்றேன்.

கட்டில் கம்பியைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "ஆசையா இருந்துச்சுலே. வேற ஒண்ணும் இல்ல. வேண்டாம்னு உன்ட்டச் சொல்லிட்டு வீட்டுக்குப் போனா, ராத்திரி அந்த நாற்காலிதான் கண்ணுக்குள்ள நிக்கி. ஒரு தடவ உக்காந்து பாக்கணும்னு ஆசை. அவ்வளவுதான்."

இந்த ஒன்றுக்கு மட்டும் என்னிடம் மறுப்பு இல்லை.

"அத அன்னைக்கே எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே."

"சொல்லத்தாம்ல வந்தேன், காலங்காத்தால. நீதான் எல்லார் முன்னாலயும் குட்மார்னிங் சார்ன்னுட்டியே. சார்ட்டப் போயி ஆசைய எப்பிடிச் சொல்ல?"

ஜன்னலுக்கு வெளியே யாரோ ஆம்புலன்ஸைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தார்கள், வா வா வா என்று. அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்க்கிறான் என்பது தெரிந்தது. நர்ஸ் ஊசியோடு வந்தாள். நான் எழுந்துகொண்டேன்.

"உடம்பப் பாத்துக்கோங்க" என்றேன்.

ங்க.

ஜூலை 20, சனி

வீடு. டைரியில் எழுத ஒன்றுமில்லை. பகவதி பயறு ஊறவைத்த தண்ணீரைக் கொட்டக் கூடாது, சத்தெல்லாம் போய்விடும் என்கிறாள். இதற்குக்கூட ஒரு சண்டை.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

மீன் வாங்கவில்லை. பழகிவிட்டது. வயிறும் பழகிவிட்டது, குடல் புதிய அரசுக்குக் கட்டுப்பட்டுவிட்டது என்று நினைக்கிறேன். பகவதி இன்று மொச்சைக் குழம்பு வைத்தாள். நேற்றே ஊறப்போட்டு, தண்ணீரைக் கொட்டி, இஞ்சி தட்டிப் போட்டு. நன்றாக இருந்தது. மெஸ் குழம்பு மாதிரி இல்லை.

"போய்ப் பாத்துட்டு வாங்களேன்" என்றாள், யாரை என்று சொல்லாமல்.

ஓய்வெடுக்கிற மனிதனைத் தொந்தரவு செய்யக்கூடாது என்றேன்.

செப்டம்பர் 5, வியாழன்

எமிலி போன் செய்தாள். டாக்டர் பயணத்துக்குச் சம்மதித்துவிட்டார். பதினான்காம் தேதி நெல்லை எக்ஸ்பிரஸில் சென்னை, அங்கிருந்து விமானம். "அண்ணே, ஸ்டேஷனுக்கு வருவீங்கல்லா?" என்றாள். பார்க்கிறேன் என்றேன். பார்ப்பதற்கு என்ன இருக்கிறது, சாயங்காலம் எனக்கு என்ன வேலை.

செப்டம்பர் 14, சனி

ஜங்ஷனுக்குப் போனோம். பகவதி பட்டுச்சேலை கட்டிக்கொண்டாள், கல்யாணத்துக்குப் போவதுபோல.

பிளாட்பாரத்தில் பெரிய கூட்டம். சர்ச்சிலிருந்து ஒரு கூட்டம், கல்லூரியிலிருந்து ஒரு கூட்டம், சால்வையும் மாலையுமாக. என் துறையில் எனக்குப் பின்னால் வந்தவர்கள், நான் போனபோது ஒரு டீ பார்ட்டிகூட வைக்காதவர்கள், எல்லோரும் நின்றார்கள். அவன் இளைத்திருந்தான். சட்டை தோளில் தொங்கியது. ஆள் ஆளாக வந்து கை கொடுத்தார்கள். ஊரைவிட்டே போகிறவனிடம் எல்லோரும் மெல்போர்னில் இப்போது குளிரா வெயிலா என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

நான் ஒரு தூண் பக்கமாக நின்றேன். பகவதி எமிலியோடு பேசப் போய்விட்டாள். ரயில் வந்தது. சாமான்களை ஏற்றினார்கள். ஜெபம் செய்தார்கள். நேரம் நெருங்கியதும் அவன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தான். கிட்டே பார்க்கும்போது முகம் ஹாஸ்டலில் டைபாய்டு வந்து கிடந்தபோது இருந்த மாதிரியே இருந்தது. அப்போது நான்தான் கஞ்சி வாங்கிக்கொண்டு வருவேன். உப்பில்லை என்று என்னை ஏசிக்கொண்டே குடிப்பான்.

கை நீட்டினான். பின்னால் கல்லூரி முழுவதும் நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

"வாரேன் சார்" என்றான்.

கையைப் பிடித்தேன். தலையை ஆட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டேன். பிளாட்பாரத்தில் ஒரே தூசி.

அவன் போய் ஏறிக்கொண்டான். கதவுப் பக்கம் நின்று எல்லோருக்கும் கையசைத்தான். விசில் ஊதியது. ரயில் அசையத் தொடங்கியது. எங்கள் ஊரில் கிளம்புகிறவனிடம் போ என்று சொல்லும் வழக்கமில்லை. திரும்பி வரச் சொல்லித்தான் அனுப்ப வேண்டும். கூட்டத்தில் எல்லோரும் "போயிட்டு வாங்க சார், போயிட்டு வாங்க சார்" என்று கத்தினார்கள். நானும் வாயைத் திறந்தேன், அதையே சொல்வதற்குத்தான். பெட்டி என்னைத் தாண்டிப் போய்விட்டது. கால் தானாக நடந்தது, பிறகு ஓடியது. இந்த வயதில், வேட்டியைப் பிடித்துக்கொண்டு.

"போயிட்டு வாலே!" என்றேன். கேட்டதா என்று தெரியவில்லை. மறுபடியும் கத்தினேன். "லேய்! போயிட்டு வாலே!"

சர்ச் ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். புதிய பிரின்சிபால் வாயைப் பிளந்து நின்றார். அவன் கதவுக்கம்பியைப் பிடித்துக்கொண்டு தலையை வெளியே நீட்டி ஏதோ சொன்னான், கையை ஆட்டி ஆட்டி, நீளமாக, எமிலி பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து உள்ளே இழுக்கும்வரை.

ஆட்டோவில் வரும்போது பகவதி கேட்டாள். "அவ்வளவு பேரு முன்னால, அவரப் போயி லேங்கீங்க. அவரு என்ன சொன்னாரு?"

என்ன சொன்னான் என்று எனக்கும் கேட்கவில்லை. ரயில் சத்தம். கடைசியில் ஒரு ‘லே’ இருந்தது. அது மட்டும் கேட்டது.